கொட்டாம்பட்டியின் ஓட்டு

மதுரையில் இருந்து திருச்சிக்குப் போகும் பஸ் மேலூரைத் தாண்டி வடக்கே ஓடுகிறது. கருங்காலக்குடி வருகிறது. அடுத்து கொட்டாம்பட்டி வருகிறது. சிலர் இறங்குகிறார்கள். சிலர் ஏறுகிறார்கள். பஸ் போய் விடுகிறது.

பார்வைக்குச் சின்ன ஊர். மதுரை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. நத்தம், சிங்கம்புணரி, துவரங்குறிச்சி ஆகிய மூன்று ஊர்களும் பக்கத்தில். மூன்றும் வேறு வேறு மாவட்டங்களைச் சேர்ந்தவை.

பெரியாறு அணை 1895-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் மேலூர் பக்கம் பல ஊர்களைப் பச்சையாக்கியது. கொட்டாம்பட்டிப் பக்கமோ பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோறு. பெய்யாவிட்டால் பிழைப்பு தேடிப் பயணம்.

இந்தச் சின்ன ஊரில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கலாம்.

இருக்கிறது. கொட்டாம்பட்டி ஒரு ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இருபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அதில் அடக்கம். அவற்றில் ஒன்று தும்பைப்பட்டி. இன்னொன்று மேலவளவு. ஓட்டு என்பது ஓர் ஏழையை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகும் என்பதைத் தும்பைப்பட்டி காட்டியது. அந்த ஓட்டுக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை மேலவளவு காட்டியது.

இரண்டும் ஒரே ஒன்றியத்தில் நடந்தவை. ஓட்டுப் போடும் ஒவ்வொரு குடும்பமும் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலு சீட்டு

சட்டசபைத் தேர்தலில் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பாராளுமன்றத் தேர்தலிலும் அப்படித்தான். கிராமத்து உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் ஒருவருக்கு நாலு ஓட்டு!

ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று. ஊராட்சித் தலைவருக்கு ஒன்று. ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று. மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று.

2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் நாலுக்கும் நாலு நிறத்தில் சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியத்துக்குப் பச்சை. மாவட்டத்துக்கு மஞ்சள். எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து, சின்னத்தைப் பார்த்து, முத்திரை குத்தலாம்.

வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. ஒன்றியத்திலும் மாவட்டத்திலும்தான் கட்சிச் சின்னம் உண்டு.

ஏன் அப்படி? கிராமத்துக் குழாயில் தண்ணீர் வரவேண்டும். அதற்குக் கட்சி எதற்கு? தெருவிளக்கு எரியவேண்டும். அதற்குக் கொடியின் நிறம் எதற்கு? சட்டம் செய்தவர்கள் இப்படி நினைத்தார்கள்.

டில்லியில் யார் உட்கார்ந்தாலும் கிராமத்துக்காரர் நேரில் போய்க் கேட்க முடியாது. சென்னையில் யார் உட்கார்ந்தாலும் மனுதான் எழுத வேண்டும். ஊராட்சித் தலைவரோ பக்கத்துத் தெருக்காரர். காலையில் டீக்கடையில் நிற்பார். "என்னண்ணே, மூணு நாளாத் தண்ணி வரலையே!" என்று முகத்துக்கு நேரே கேட்கலாம்.

ஆகையால், நாலு ஓட்டிலும் சின்னதாகத் தெரியும் அந்த ஓட்டுத்தான் வீட்டுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் ஓட்டு. அதனால்தான் அதற்குச் சண்டையும் அதிகம்.

தும்பைப்பட்டி தந்த மந்திரி

வெள்ளைக்காரன் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து உள்ளவர், வரி கட்டுகிறவர், படித்தவர் என்று சிலருக்கு மட்டும்தான் ஓட்டு. கூலிக்காரருக்கு இல்லை. அவர் மனைவிக்கும் இல்லை.

1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியின் மேல் சின்னம் ஒட்டி இருந்தது. பண்ணையார் போட்டதும் ஒரு சீட்டு. பண்ணையாளு போட்டதும் ஒரு சீட்டு. பெட்டிக்குள் விழுந்த பிறகு எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது!

1989-ல் ஓட்டுப் போடும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

தும்பைப்பட்டியில் 1908-ம் ஆண்டு கக்கன் பிறந்தார். ஆதிதிராவிடர் குடும்பம். அப்பா கோவில் பூசாரி. அந்தக் காலத்தில் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் அவர்கள் போக முடியாது. 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத அய்யர் தலைமையில் கோவில் நுழைவு நடந்தது. அன்று உள்ளே சென்றவர்களில் கக்கனும் ஒருவர்.

கோவில் கதவு திறந்தது. பிறகு சட்டசபைக் கதவும் திறந்தது.

1952-ல் மதுரையில் இருந்து கக்கன் பாராளுமன்றத்துக்குப் போனார். 1957-ல் காமராஜர் மந்திரிசபையில் மந்திரி ஆனார். வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித்துறை அவர் கையில் இருந்தது. பிறகு விவசாய மந்திரி. அதன் பிறகு உள்துறை மந்திரி.

பத்து வருடம் மந்திரியாக இருந்தார். தனக்கென்று சொத்து சேர்க்கவில்லை. பதவி போன பிறகு பஸ்சில் போனார். நோய் வந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண நோயாளியாகப் படுத்தார். 1981-ல் காலமானார்.

அப்படிப்பட்ட கக்கனையும் மக்கள் ஒருமுறை தோற்கடித்தார்கள்! 1967 தேர்தலில் மேலூர் தெற்குத் தொகுதியில், சொந்த மண்ணிலேயே, அவர் தோற்றார். அப்போது நாட்டில் அரிசிப் பஞ்சம். 1965-ல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டதால் வந்த கோபமும் ஆறவில்லை. உள்துறை கக்கனிடம் இருந்தது. மக்கள் அவருடைய நேர்மையை மறந்துவிடவில்லை. ஆட்சி மாற வேண்டும் என்று நினைத்தார்கள். மாற்றினார்கள்.

தோற்றவர் வீட்டுக்குப் போனார். வென்றவர் சட்டசபைக்குப் போனார். ஓட்டின் பெருமை அதுதான். கத்தி இல்லை, கம்பு இல்லை, ஆட்சி மாறியது.

காற்றோடு போகாத தொகுதி

கொட்டாம்பட்டி மேலூர் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. பாராளுமன்றத்துக்கு மதுரைத் தொகுதி.

2001 முதல் 2021 வரை ஐந்து சட்டசபைத் தேர்தல்கள் நடந்தன. ஐந்திலும் மேலூர்த் தொகுதி அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. இடையே 2006-லும் 2021-லும் சென்னையில் தி.மு.க. ஆட்சி வந்தது. அப்போதும் மேலூர் மாறவில்லை.

பாராளுமன்றக் கணக்கு வேறு. 2019-லும் 2024-லும் மதுரை பாராளுமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டு கட்சி ஜெயித்தது. அப்போது அது தி.மு.க. அணியில் இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் வந்தாலோ, கிராமத்தில் கட்சிக் கணக்கு பாதிதான் பேசும். சொந்தம், தெரு, சாதி, பழைய பகை, செய்த உதவி ஆகியவை மீதியைப் பேசும்.

"கிராமத்து ஜனங்களுக்கு என்ன தெரியும்? சொல்கிற பக்கம் குத்துவார்கள்" என்று பட்டணத்தில் சிலர் பேசுவது உண்டு. அது தவறு. எந்தத் தேர்தலில் எதைப் பார்ப்பது என்பது கிராமத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால், தனியாக யோசித்து ஓட்டுப் போட எல்லோரையும் விடுகிறார்களா? அதுதான் கேள்வி.

மேலவளவில் நடந்தது

1992-ல் அரசியல் சட்டத்தில் 73-வது திருத்தம் செய்யப்பட்டது. ஊராட்சிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தவேண்டும் என்று அது சொன்னது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகளில் பங்கு ஒதுக்கவேண்டும் என்றும் சொன்னது. 1994-ல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996-ல் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கீடு என்றால் நிற்கிறவருக்குத்தான் ஒதுக்கீடு. ஓட்டுப் போடும் உரிமை ஊரில் உள்ள எல்லோருக்கும் உண்டு. எல்லாச் சாதியாரும் ஓட்டுப் போட்டுத்தான் ஒருவர் தலைவராக வரமுடியும். யாருடைய ஓட்டையும் சட்டம் பறிக்கவில்லை.

ஆனால் ஆதிக்க சாதியைச் சேர்ந்த சிலர் அதை ஏற்கவில்லை. "நேற்று வரை கைகட்டி நின்றவன் இன்று நாற்காலியில் உட்காருவதா?" என்ற எண்ணம் அவர்களை ஆட்டியது.

முதலில் மனுச் செய்தவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள். தேர்தல் நின்றது. 1996 டிசம்பர் 28-ந் தேதி மறுபடியும் ஓட்டுப்பதிவு நடந்தது. கலவரக்காரர்கள் புகுந்து ஓட்டுப்பெட்டிகளைப் பறித்தார்கள். டிசம்பர் 31-ந் தேதி பலத்த போலீஸ் காவலுடன் மீண்டும் ஓட்டுப்பதிவு நடந்தது. முருகேசன் என்பவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தலைவர் ஆனார். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்க அவரை விடவில்லை.

1997 ஜூன் 30-ந் தேதி. முருகேசனும் அவருடன் சிலரும் மதுரைக்குப் போனார்கள். தீயில் வீடு இழந்தவர்களுக்கு நிவாரணம் கேட்கக் கலெக்டர் அலுவலகம் போனார்கள். பிறகு பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். மேலவளவை நெருங்கும்போது ஒரு கும்பல் பஸ்சை வழிமறித்தது. முருகேசனும் உதவித் தலைவர் மூக்கனும் உள்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பட்டப்பகலில், பயணிகள் நிறைந்த பஸ்சில் நடந்த கொலை. தமிழ்நாடே திடுக்கிட்டது.

முருகேசன் யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை. சட்டம் சொன்னபடி மனுக் கொடுத்தார். மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தார். அவர் செய்த "குற்றம்" அவ்வளவுதான்!

2001-ல் சேலம் கோர்ட்டு 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் 3 பேர் 2008-லும், 13 பேர் 2019-லும் அரசாங்கத்தால் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். அந்த விடுதலை, இறந்தவர்களின் குடும்பங்களைக் கலங்கச் செய்தது.

மேலவளவில் ஆறு பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜூன் 30-ந் தேதி அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்.

பத்து வருடம் பூட்டிக் கிடந்த கதவு

மேலவளவோடு கதை முடியவில்லை.

அதே மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று மூன்று ஊராட்சிகள் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் என்று ஓர் ஊராட்சி உண்டு. இந்த நாலு ஊராட்சிகளும் 1996-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை.

அங்கே வேறு உபாயம் செய்தார்கள். மனுச் செய்ய ஆள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். யாராவது தேர்ந்தெடுக்கப்பட்டால் உடனே ராஜினாமாக் கடிதம் வந்துவிடும். இப்படியே பத்து வருடம் ஓடியது!

2006-ல் அரசாங்கம் பிடிவாதமாக முயன்றது. மதுரைக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார். அதிகாரத்தை மட்டும் காட்டவில்லை. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். அந்த வருடம் அக்டோபரில் நாலு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவி ஏற்றார்கள். முதல்-மந்திரியாக இருந்த கருணாநிதி அவர்களைச் சென்னைக்கு அழைத்து விழா எடுத்தார்.

2021-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பாப்பாபட்டியில் கிராமசபை கூடியது. அதில் முதல்-மந்திரி ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் மனுச் செய்யவே ஆள் வராத ஊர் அது.

சட்டத்தைச் சென்னையில் எழுதலாம். போலீசை மதுரையில் இருந்து அனுப்பலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மனம் இளகாவிட்டால், தலைவரின் நாற்காலி ஒரு நாளும் ஆடாமல் நிற்காது. மேலவளவுக்கும் பாப்பாபட்டிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஊர் பேசுவது வேறு, ஓட்டு வேறு

மேலூர் வட்டாரத்தில் பல கிராமங்கள் சேர்ந்து "நாடு" என்று சொல்லுவது பழைய வழக்கம். வெள்ளலூர் நாடு அப்படிப்பட்டது. அம்பலகாரர்கள் கூடுவார்கள். திருவிழாவுக்கு நாள் குறிப்பார்கள். கண்மாய்த் தண்ணீர்ச் சண்டையைத் தீர்ப்பார்கள். அந்த வழக்கத்தில் நல்லது பல உண்டு. கோர்ட்டுக்கு அலையாமல் எத்தனையோ வழக்குகள் மரத்தடியில் முடிந்திருக்கின்றன.

"ஊரோடு ஒட்டி வாழ்" என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தேர் இழுக்க ஊர் ஒன்றாக நிற்க வேண்டும். கண்மாய் தூர் வார ஒன்றாக நிற்க வேண்டும். சாவு வீட்டுக்கு ஒன்றாகப் போக வேண்டும்.

ஓட்டு மட்டும் அப்படி இல்லை. தேர்தல் ஓட்டைச் சட்டம் ஊருக்குக் கொடுக்கவில்லை. தெருவுக்குக் கொடுக்கவில்லை. குடும்பத் தலைவருக்கும் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிறது. மறைவான இடத்தில், தனியாகப் போய்க் குத்தச் சொல்லியிருக்கிறது.

"இந்தத் தடவை நம்ம ஊர் இன்னாருக்குத்தான்" என்று கூடிச் சொல்லிவிடுகிறார்கள். மீறினால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். விசேஷத்துக்கு அழைக்கமாட்டார்கள். ஊராட்சி வார்டில் இருப்பது கொஞ்சம் ஓட்டுகள். எண்ணி முடித்ததும், எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். அந்தப் பயம் ஏழைகளை வாட்டுகிறது.

ஊர் பேசட்டும். யார் நல்லவர், யார் வேலை செய்பவர் என்று நாலு பேர் கூடி யோசிப்பது நல்லதுதான். ஆனால் பேச்சு கட்டளையாக மாறக் கூடாது. மாறினால், அது ஓட்டே இல்லை.

ஏலம் போகும் நாற்காலி

இன்னொரு வியாதியும் உண்டு. தலைவர் பதவியை ஏலம் விடுவது!

கோவில் திருப்பணிக்கு யார் அதிகம் பணம் தருகிறாரோ, அவர் தலைவர். மற்றவர்கள் மனுச் செய்யக் கூடாது. 2019 தேர்தலின்போதும் பல மாவட்டங்களில் இப்படி நடப்பதாகச் செய்தி வந்தது. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கை செய்தது.

"கோவிலுக்குத்தானே பணம் போகிறது? யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

ஏழைக்கு நஷ்டம். பணம் உள்ளவர் மட்டும்தான் ஏலம் கேட்க முடியும். ஏலத்தில் இறங்கிய தொகையை அவர் எங்கே எடுப்பார்? குடிதண்ணீர் வேலையில் எடுப்பார். சாலை வேலையில் எடுப்பார். தலைவரை எதிர்த்துக் கேட்கவும் முடியாது. "நான் காசு கொடுத்து வாங்கிய பதவி" என்று சொல்லிவிடுவார்.

போட்டி இல்லாமல் ஒருவரை ஊரே விரும்பித் தேர்ந்தெடுப்பது வேறு. விலைக்கு வாங்குவது வேறு. முதலாவது மரியாதை. இரண்டாவது சந்தை.

ஒரு நாளுக்கு 55 காசு

அடுத்தது ஓட்டுக்குப் பணம்.

2009 ஜனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பணம் தண்ணீராக ஓடியதாக நாடெல்லாம் பேச்சு. "திருமங்கலம் பார்முலா" என்று ஒரு புதுச் சொல்லே பிறந்தது! மதுரை மண்ணுக்கு இது பெருமையா?

2011 சட்டசபைத் தேர்தலின்போது மதுரைக் கலெக்டராக இருந்தவர் சகாயம். பணம் கொடுப்பதைத் தடுக்க அவர் கண்டிப்பாக நடவடிக்கை எடுத்தார். ஓர் அதிகாரி உறுதியாக நின்றால் எவ்வளவு செய்யலாம் என்பது தெரிந்தது. ஆனால் வியாதி போகவில்லை. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் புகாரால் ஓட்டுப்பதிவு தள்ளி வைக்கப்பட்டது. 2017-ல் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-ல் வேலூர் பாராளுமன்றத் தேர்தல் ரத்தானது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். வாங்குவதும் குற்றம். ஒரு வருடம் வரை ஜெயில் உண்டு.

சட்டம் இருக்கட்டும். கணக்கைப் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்கு 1,826 நாட்கள். ஒரு வேட்பாளர் ஆயிரம் ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தை அத்தனை நாளுக்கும் பங்கு போட்டால், ஒரு நாளுக்கு 55 காசு வருகிறது!

55 காசுக்கு அரை டீ கூடக் கிடைக்காது. அந்தக் காசுக்காக ஐந்து வருடத்துத் தண்ணீரையும், சாலையையும், பள்ளிக்கூடத்தையும் விற்பதா?

பணம் வாங்கியவர் பிறகு தலைவரிடம் போய், "குழாய் ரிப்பேர்" என்று சொல்ல முடியுமா? "உனக்குத்தான் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே!" என்பார் தலைவர். பதில் சொல்ல வாய் வராது.

பெண்கள் கையெழுத்து

தமிழ்நாட்டில் 1996-ல் உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016-ல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. 2019 தேர்தலில் பாதிப் பதவிகள் பெண்களுக்குப் போயின.

இதிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. பெயர் மனைவியுடையது. நாற்காலி கணவருடையது. மனைவி கையெழுத்துப் போடுவாள். கணவர் ஆணை போடுவார். ஊரார் கணவரையே "தலைவரே" என்று கூப்பிடுவார்கள்.

குடிதண்ணீர்க் குடத்தைச் சுமக்கிறவள் பெண். தண்ணீர் எந்த நேரத்தில் வரவேண்டும், குழாய் எந்த இடத்தில் வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் நாற்காலியில் அவளே உட்கார்ந்தால் ஊருக்கு நல்லது. கணவர் துணைக்குப் போகட்டும். சைக்கிளில் கொண்டுபோய் விடட்டும். கூட்டத்தில் பேச வேண்டியவள் அவள்தான்.

கிராமசபையின் பலம்

ஊராட்சியால் என்ன செய்ய முடியும் என்று அலட்சியமாகக் கேட்கிறவர்களுக்கு மேலூர் வட்டாரமே பதில் சொல்லியிருக்கிறது.

2024 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. மேலூர் தாலுகாவில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஒரு கம்பெனியை ஏலத்தில் தேர்ந்தெடுத்தது. சுமார் 2,015 ஹெக்டேர் நிலம்! அரிட்டாபட்டியிலோ பழைய குடைவரைக் கோவிலும் சமணர் படுக்கையும் இருக்கின்றன. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட ஊர் அது.

கிராமசபைகள் கூடின. வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கிராமசபையில் யார் உறுப்பினர்? ஊராட்சி ஓட்டர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர்தான். ஓட்டுப் போடுவது ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் வேலை. கிராமசபையில் உட்காருவது வருடத்துக்குச் சில நாள் வேலை. வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்கலாம். பயனாளிகள் பட்டியலை அங்கே கேட்கலாம். கேட்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

டங்ஸ்டன் விஷயத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். மண்ணைக் காக்க முடிந்த அந்த ஒற்றுமை, நாற்காலியைப் பங்கிடும்போது ஏன் வரக் கூடாது?

காலி நாற்காலி

மக்கள் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அரசாங்கமும் சரியாக இருக்க வேண்டும்.

2016-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். வழக்குகளால் நின்றது. மூன்று வருடம் கழித்து 2019 டிசம்பரில்தான் கிராமங்களில் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள் நிர்வாகம். 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. அதற்குள் புதுத் தேர்தல் நடத்தப்படவில்லை. மதுரை உள்பட 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அதிகாரி நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர். டீக்கடையில் நிற்க மாட்டார். "என்னண்ணே" என்று அவரிடம் கேட்க முடியாது. முருகேசன் உயிரைக் கொடுத்துப் பெற்ற நாற்காலியை எந்த ஆட்சியும் தூசி படிய விடக் கூடாது. எந்தக் கட்சி ஆண்டாலும் உரிய நாளில் உள்ளாட்சித் தேர்தலை நடத்தியே தீரவேண்டும்.

வீட்டில் தொடங்க வேண்டும்

தேர்தல் வரும். போகும். ஊர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார்.

அப்பா தம் ஓட்டை நினைத்தபடி போடட்டும். அம்மா தன் ஓட்டைத் தான் நினைத்தபடி போடட்டும். 18 வயது நிரம்பிய மகனும் மகளும் பட்டியலில் பெயர் சேர்க்கட்டும். "யாருக்குப் போட்டாய்?" என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு சின்னத்துக்கு ஓட்டு விழுந்தால் குடும்பம் உடைந்து போகாது. இரவில் ஒரே பானைச் சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள்.

ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் ஏழை ஒருவர் ஜெயித்தால், முதல் நாள் அவர் வீட்டுக்குப் போய் மாலை போட வேண்டியவர்கள் அவரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்தான். ஊர் ஒற்றுமை என்பதை அன்று காட்டட்டும்.

கொட்டாம்பட்டி ஒன்றியம் ஒரு கக்கனைத் தந்தது. ஒரு முருகேசனைப் பறிகொடுத்தது. அடுத்த தடவை அந்த நாலு நிறச் சீட்டு கைக்கு வரும்போது, அங்கே உள்ள ஒவ்வொரு தாயும் தந்தையும் இந்த இரண்டு பெயரையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். பிறகு, மறைவுக்குள் போய், மனம் சொல்கிற சின்னத்தில் தைரியமாகக் குத்த வேண்டும்.